உவமையும் உறவும்: ‘யுல்டியா’ ஆடலில் நிலமும் மரமும்

முன்னுரை

ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டி நெடுந்தொலைவு பரந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் சமவெளிக்கு நல்லர்பார் என்று பெயர். இஃது அந்நிலத்து மக்கள் வழங்கிய பெயரன்று. 19-ஆம் நூற்றாண்டில் நிலம் அளக்க வந்தோர் இலத்தீன் சொற்களைச் சேர்த்து இட்ட பெயராகும். ‘மரம் ஒன்றும் இல்லாதது’ என்பது இதன் பொருள். இச்சமவெளியின் கீழ்க்கோடியில், மணற்குன்றுகள் தொடங்கும் இடத்தில், ஊல்டியா என்னும் ஊர்ப்புறம் உள்ளது. அங்கே மரங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று தன் வேரில் நீரைத் தேக்கி வைத்து, வழிச்செல்வார்க்கு உயிர் கொடுப்பது. ‘மரமற்றது’ எனப் பெயரிட்டோர் கண்ட நிலமும், மர வேரில் நீர் பருகினோர் கண்ட நிலமும் அடுத்தடுத்துக் கிடப்பன. ஆயினும் இருவர் பார்வைக்கும் இடையே பெருந்தொலைவு உண்டு.

இத்தொலைவை ஆடற்பொருளாகக் கொண்டு எழுந்தது ‘யுல்டியா’ என்னும் படைப்பு. பங்கரா ஆடற்குழு இதனை 2023-ஆம் ஆண்டு சிட்னி இசைநாடக மாளிகையில் முதன்முதல் அரங்கேற்றியது. இதனை அமைத்தவர், அவ்வாண்டு அக்குழுவின் கலைத் தலைமையை ஏற்ற பிரான்சஸ் ரிங்ஸ் என்னும் அம்மையார். இவர் விராங்கு, மிர்னிங் ஆகிய தொல்குடிகளின் வழிவந்தவர். ஊல்டியா நிலத்தோடு குடும்பத் தொடர்பும் உடையவர்.

பிறநாட்டு ஆடல் ஒன்றைத் தமிழாராய்ச்சி இதழில் எடுத்து ஆராய்வது எற்றுக்கு என ஒரு வினா எழலாம். நிலத்தையும் கலையையும் இணைத்து இலக்கணம் கண்ட மரபு நம்முடையது. அவ்விலக்கணம் எத்துணைத் தொலைவு செல்லும், எவ்விடத்து நின்றுவிடும் என்பதை அறிதற்கு இவ்வாடல் ஓர் உரைகல்லாக அமைகின்றது. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். ஆஸ்திரேலியத் தொல்குடி மொழிகளின் மூவிடப் பெயர்களுக்கும் திராவிட மொழிகளின் மூவிடப் பெயர்களுக்கும் ஒப்புமை உண்டெனக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் குறித்துள்ளார். அதனைப் பற்றிக்கொண்டு இரு மக்களும் ஓரினத்தார் எனப் பின்னர்ப் பேசினாரும் உளர். மொழிநூல் அவ்வுறவை மெய்ப்பித்ததில்லை. ஊல்டியாப் பகுதி மக்கள் தம்மைக் குறிக்க வழங்கும் ‘ஆனங்கு’ என்னும் சொல் ‘மாந்தர்’ எனப் பொருள்படுவது. நம் ‘அணங்கு’ என்பதனோடு அதனை ஒலி பற்றி இணைத்தல் தகாது. ஒரு கலையை மதிப்பதற்கு அஃது உடையார் நம் உறவினராய் இருத்தல் வேண்டுவதில்லை.

நிலத்தின் வரலாறு

ஊல்டியாவின் பெருமை அதன் மணலூற்றினால் வந்தது. மணலுக்கு அடியில் நீர் கீழிறங்கா வண்ணம் களிமண் படுகை ஒன்று தாங்கி நிற்க, சிறிது தோண்டிய அளவில் நீர் ஊறியது. கோடையிலும் வற்றாத இவ்வூற்றை நோக்கிப் பல திசைகளினின்றும் வழிகள் வந்து கூடின. பல்வேறு மொழியினரும் ஈண்டுச் சந்தித்தனர், பண்டம் மாற்றினர், சடங்குகள் நிகழ்த்தினர். நீர் இருந்தமையால் மக்கள் கூடினர். மக்கள் கூடினமையால் பாட்டும் கூத்தும் வழக்காறும் நிலைபெற்றன. நீரும் பண்பாடும் ஈண்டு வேறுவேறல்ல.

போர்ட் அகஸ்டாவையும் கால்கூர்லியையும் இணைக்கும் 1,693 கிலோமீட்டர் இருப்புப்பாதைப் பணி 1912-இல் தொடங்கிற்று. இரு முனைகளினின்றும் இடப்பட்டு வந்த தண்டவாளங்கள் 1917-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் ஊல்டியாவில் ஒன்று கூடின. நீராவி எஞ்சின்களுக்கு நீர் வேண்டியிருந்தது. மக்கள் கையால் அள்ளிப் பருகிய ஊற்றினின்று எந்திரம் இரவும் பகலும் இறைத்தது. ஆழ்துளைகள் களிமண் படுகையைத் துளைத்தன. 1926-ஆம் ஆண்டளவில் ஊற்றுப் பயனற்றுப் போயிற்று. எண்ணிறந்த தலைமுறைகளைக் காத்த நீர், இருப்புப்பாதை கூடிய பின் பத்தாண்டுகூட நில்லாது ஒழிந்தது.

1919 முதல் 1935 வரை டெய்சி பேட்ஸ் என்னும் அம்மையார் இவ்விடத்தே கூடாரமிட்டு வாழ்ந்தார். அவர் 1938-இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘தொல்குடியினரின் மறைவு’ எனப் பொருள்படுவது. அம்மக்கள் அழிந்தே தீர்வர் என்பது அந்நூலின் துணிபு. 1933-இல் ஊல்டியாவில் ஏற்பட்ட கிறித்தவச் சமயப் பணிமனை 1952-இல் மூடப்பட்டது. மக்கள் தெற்கே யலாட்டாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஊல்டியாவுக்கு வடக்கே மரலிங்காவில் 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பிரித்தானிய அரசு ஏழு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. சிறு சோதனைகள் 1963 வரை நீண்டன. ‘மரலிங்கா’ என்பதும் அந்நிலத்துச் சொல்லன்று. வடகோடியில் வழங்கிய வேறொரு தொல்குடி மொழியினின்று எடுத்து இடப்பட்டது. ‘இடி’ எனப் பொருள்படுவது. தொல்குடியினரின் பாதுகாப்பில் போதிய கருத்துச் செலுத்தப்படவில்லை என்பதை 1985-இல் முடிவுற்ற அரச ஆணைக்குழு எடுத்துக்காட்டியது. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நிலத்தின் பெரும்பகுதி உரியவர்க்கு மீண்டது. நிலம் மீண்டது, முன்போல் ஊற்று மீளவில்லை.

திணைக் கோட்பாடும் அதன் எல்லையும்

இவ்வரலாற்றைக் கேட்ட அளவிலே தமிழ் கற்றார் நெஞ்சில் பாலைத்திணை தோன்றுதல் இயல்பு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை என ஒரு வடிவு கொள்ளும் என்பது சிலப்பதிகாரத்தால் நாம் அறிந்த செய்தி. நீர் நிலம் நீரற்ற நிலமாகத் திரிந்த ஊல்டியாவையும் அவ்வாறே பாலை என்று கூறிவிடலாமோ? கூறலாகாது என்பதே நம் கருத்து. அதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, நம் பாலை காலத்தால் நேர்வது. வேனிலும் நண்பகலும் அதற்குரிய பொழுதுகள். மழை பெய்யின் முல்லை மீண்டும் முல்லையாகும். ஊல்டியாவை வறளச் செய்தது வேனில் அன்று, துளைக்கருவி. எத்துணை மழை பெய்யினும் உடைந்த படுகை கூடுவதில்லை.

இரண்டாவது, தொல்காப்பியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று வகுத்து, உரிப்பொருள் அல்லாதன தம்முள் மயங்கவும் பெறும் என்றார். இதனால் நிலம் பெயரலாம். ஒழுக்கமே திணையை உறுதி செய்யும் என்பது போதரும். முல்லையில் நிகழ வேண்டிய இருத்தலை மருத நிலத்து வைத்துப் பாடினும் பாட்டுப் பிழைபடாது. ஊல்டியா மக்கள் கோட்பாட்டில் நிலம் பெயராது. ஓர் ஊற்றுக்குரிய பாட்டு அவ்வூற்றுக்கே உரியது. ஒரு குன்றுக்குரிய கூத்து அக்குன்றைக் காக்கும் கடமை உடையார்க்கே உரியது. வேறொரு குன்றைக் காட்டி அதனை ஆடல் இயலாது. நம் இலக்கணத்தில் மயங்கத்தக்கதாகிய நிலம், அவர்தம் வழக்கில் மயங்காப் பொருளாக நிற்கின்றது.

மூன்றாவது, அகப்பாட்டில் நிலம் மாந்தர் உணர்வுக்குத் துணை நிற்பது. புன்னையை உடன்பிறந்தாளாகக் கருதி, அதன் நிழலில் தலைவனோடு நகையாட நாணும் தலைவியை நற்றிணையின் 172-ஆம் பாட்டில் காண்கிறோம். மரத்தை உடன்பிறப்பாகக் கொண்ட அப்பாட்டு நம் இலக்கியத்தின் அருஞ்செல்வங்களுள் ஒன்று. ஆயினும் அப்பாட்டின் நோக்கம் புன்னையன்று. தலைவனை வரைவுக்குத் தூண்டுதலே. புன்னை வாயிலாகக் காதல் பேசப்படுகின்றது. ‘யுல்டியா’விலோ மாந்தர் வாயிலாக நிலம் பேசுகின்றது. அதனால் இவ்வாடலில் மரம் எதற்கு உவமை, நீர் எதற்கு உள்ளுறை என்று தேடுவோமாயின் நாம் வழி தவறினவராவோம். ஈண்டு உள்ளது உவமை அன்று, உறவு.

அமைப்பு உணர்த்தும் பொருள்

‘யுல்டியா’ நான்கு பகுதிகளால் ஆயது. முதற்பகுதி விண்மீன் வெடிப்பு. இரண்டாம் பகுதி ‘கபி’, அஃதாவது நீர். மூன்றாம் பகுதி பேரரசு. நான்காம் பகுதி ஊல்டியாவின் ஆவி. இவ்வைப்பு முறையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். இப்படைப்பின் கருத்து முழுதும் அதில் அடங்கியுள்ளது.

குடியேற்ற வரலாற்றைப் பொருளாகக் கொள்ளும் படைப்புகள் பெரும்பாலும் வெள்ளையர் வருகையில் தொடங்கும். அல்லது அதற்கு முன்னிருந்த இன்ப வாழ்வைச் சிறிது காட்டி, அழிவில் முடியும். இரண்டிலும் காலத்தை அளப்பவன் வந்தேறியே. அவன் வந்த நாளே முன்னும் பின்னும் என்னும் பகுப்பைத் தருகின்றது. ரிங்ஸ் அம்மையார் இப்பகுப்பை ஏற்கவில்லை. அவர் வானத்தில் தொடங்குகின்றார். விண்மீன்களின் காலத்தை முதலிலும், நீரின் காலத்தை அடுத்தும் வைக்கின்றார். அவற்றிற்குப் பின் வருவதே பேரரசு. அஃது எத்துணைக் கொடியதாயினும் நான்கனுள் ஒன்று; முதலும் அன்று, முடிவும் அன்று. இருப்புப்பாதைக்கும் அணுகுண்டுக்கும் உரிய இடம் அவ்வளவே என்று, ஒரு சொல்லும் சொல்லாது, வைப்பு முறையால் உணர்த்தியமை இப்படைப்பின் தலையாய சிறப்பு என்க. அழிவு நேர்ந்ததை மறைக்கவும் இல்லை. அழிவே முடிவு என ஒப்பவும் இல்லை.

இம்முறை திடீரெனத் தோன்றியதன்று. பங்கரா என்பது விராட்ஜுரி மொழியில் ‘தீ மூட்டல்’ எனப் பொருள்படும். கரோல் ஜான்சன் முதலானோர் முயற்சியால் 1989-இல் அக்குழு தோன்றிற்று. ஸ்டீபன் பேஜ் 1991 முதல் மூன்று பதிற்றாண்டுகள் அதனை நடத்தினார். அவர் காலத்தில் 1994-இல் எழுந்த ‘காவி மண்கள்’ எனத்தகும் படைப்பு, மஞ்சள், கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மண்ணின் நிறங்களையே பகுதிகளாகக் கொண்டது. ரிங்ஸ் அம்மையார் 2012-இல் அமைத்த ‘டெர்ரெய்ன்’ என்னும் ஆடல், அரபன்னா மக்களின் நிலமாகிய கட்டி தண்டா என்னும் பெரு உப்பேரியைப் பொருளாகக் கொண்டது. கதைத்தலைவன் வேண்டாது, நிலத்தையே தலைமைப் பொருளாக்கும் முறை இவ்வாறு படிப்படியாக வளர்ந்து ‘யுல்டியா’வில் முதிர்ச்சி பெற்றது எனலாம்.

செம்மாலி மரம்

‘கபி’ என்னும் பகுதியில் ஆடற்பொருளாகும் செம்மாலி மரம் தனித்து நோக்கத்தக்கது. மாலி என்பது தைலமர இனத்தின் ஒரு வகை. தனியொரு அடிமரம் இன்றி நிலத்தினின்று பல தண்டுகள் கிளைத்தெழும். மேல்மண்ணில் கிடைமட்டமாக ஓடும் அதன் வேரை அறிந்து அகழ்ந்து, துண்டுகளாக்கி, ஒரு கலத்தில் நிறுத்தி வைப்பின், அவற்றினின்று நீர் சொட்டும். இம்முறையை 1841-இல் இக்கரை வழியே நடந்த எட்வர்டு ஜான் அயர் என்னும் வழிகாண் பயணியும் தம் பயண நூலில் எழுதி வைத்துள்ளார். அவர்க்கு அஃது ஒரு வியத்தகு செய்தி. அம்மக்கட்கு அஃது ஓர் ஒழுக்கம். எம்மரத்தில் எவ்வேரை எடுத்தல் வேண்டும், மரம் பிழைக்க எதனை விடுதல் வேண்டும் என்னும் அறிவு அதனுள் அடங்கியது.

இம்மரத்தை ஆடல் எவ்வாறு காட்டுதல் இயலும்? கையை உயர்த்திக் கிளையாகவும் விரலை அசைத்து இலையாகவும் காட்டுதல் எளிது. அவ்வாறு காட்டின் அது போலச் செய்தல் ஆகும். காண்பார் ‘இது மரம்’ என அறிந்து அமைவர். பங்கராக் குழுவினர் வளர்த்துள்ள ஆடல்முறையின் இயல்போ உடலை நிலத்தை நோக்கித் தாழ்த்துவது. மேனாட்டுப் பாலே ஆடல், மண்ணை விட்டு உயர்தலையே அழகின் எல்லையாகக் கொண்டது. இவர்தம் ஆடலில் முழந்தாள் மடங்கும், இடுப்புத் தாழும், பாதம் மண்ணை அழுத்தும். எடை கீழ்நோக்கிச் செல்லச் செல்ல ஆற்றல் பெருகுவதாக உடல் இயங்கும். மேலெழும் கிளையைக் காட்டிலும் மண்ணுள் ஓடும் வேருக்கே இவ்வுடல் பொருந்துவது. வேரின் நீரைப் பருகி வாழ்ந்தவர் வழிவந்தோர் வேரின் இயக்கத்தைத் தம் உடலில் ஏற்கும்போது, அவர் ஒரு பொருளைப் போலச் செய்யவில்லை. தமக்கு உயிர் தந்ததொன்றை நினைவு கூர்கின்றனர்.

மாலி மரத்துக்கு மற்றோர் இயல்பும் உண்டு. தீயால் மேற்பகுதி முழுதும் கரிந்தொழியினும், மண்ணுள் புதைந்த அடிக்கிழங்கினின்று மீண்டும் தளிர்க்கும். இதனைப் பண்பாட்டின் பிழைப்புக்கு உவமையாக எடுத்துக் கூறல் எவர்க்கும் தோன்றும். நமக்கும் தோன்றிற்று. ஆயினும் அவ்வுவமையை நாம் மிகுத்துரைத்தல் ஆகாது. மரம் தளிர்த்தல் இயற்கை. அதற்கு முயற்சி வேண்டா. மக்கள் மொழியையும் ஆடலையும் காத்தல் முயற்சி; அதற்கு முதியோர் கற்பித்தலும் இளையோர் கற்றலும் வேண்டும். ‘தானே தளிர்க்கும்’ என்று பாராட்டிவிட்டுக் கைகட்டி நிற்றல், முன்னையோர் ‘தானே மறையும்’ என்று கூறிக் கைகட்டி நின்றதற்குப் பெரிதும் வேறுபட்டதன்று.

இரு மறுப்புகள்

இத்தகைய ஆடல்களைப் பற்றி இரு மறுப்புகள் எழுகின்றன. ஒன்று, பெருநகர அரங்கில் மின்விளக்கும் மின்னிசையும் கொண்டு ஆடப்படுவது தொல்குடிக் கூத்தாகாது என்பது. மற்றொன்று, வரலாற்றுக் குறையைக் கூறவந்த கலை கலையாகாது என்பது.

முதல் மறுப்பு, தொல்குடியினர் பழைய வடிவில் நிற்றல் வேண்டும் என்னும் எண்ணத்தில் எழுந்தது. இவ்வெண்ணம் அன்பின் தோற்றம் உடையதாயினும், அவர்களை இறந்த காலத்தில் நிறுத்துவதில் பேட்ஸ் அம்மையார் துணிபோடு ஒத்ததே. பங்கராக் குழுவினர் சடங்கை அரங்கில் ஏற்றுவதில்லை. நிலத்துக்குரிய முதியோரை நாடிக் கேட்டு, அவர் இசைந்தவற்றையே ஆடற்பொருளாக்குகின்றனர். மறைவாய் இருக்க வேண்டுவன மறைவாகவே விடப்படுகின்றன. எனவே வடிவம் புதிது. வடிவத்தை ஆளும் ஒழுங்கு பழைது. மரபு என்பது அசைவுகளின் தொகுதி அன்று; யார் எதனை யாரிடம் கேட்டு ஆடலாம் என்னும் முறைமையே மரபு எனின், அம்மரபு ஈண்டு முறியவில்லை. ‘யுல்டியா’வின் இசையை லியான் ராஜர்ஸ் அமைக்க, ஆனங்கு மொழிகளில் மின்னிசையோடு பாடிப் புகழ்பெற்ற ‘எலக்ட்ரிக் பீல்ட்ஸ்’ என்னும் இருவர் குழு உடன் பங்காற்றியமையும் இதற்குச் சான்று. கருவி புதிது, நாவில் வழங்கும் மொழி தொன்மையது.

இரண்டாம் மறுப்புக்கு நம் இலக்கியமே விடை கூறும். பகைவர் தம் கடிமரத்தை வெட்டுதல் வெற்றியின் அடையாளமாகப் புறப்பாட்டுகளில் பேசப்படுகின்றது. மரம் வெட்டுண்டது ஓர் அரசியல் நிகழ்ச்சி. அதனைப் பாடிய பாட்டுக் கலையாகவே நிற்கின்றது. பொருள் வரலாறு ஆதலால் கலை குன்றுவதில்லை. வரலாறு உருவம் பெறாதபோதே குன்றும்.

ஒரு குறை

உருவம் பெறாத இடம் இப்படைப்பில் உண்டோ எனின், ‘பேரரசு’ என்னும் மூன்றாம் பகுதியில் அத்தகைய இடர் உண்டு என்றே கூறுவோம். இருப்புப்பாதையும் அணுச்சோதனையும் அப்பகுதியில் ஒன்று சேர்க்கப்பட்டுள்ளன. இரண்டும் ஒரே ஆட்சியின் செயல்கள் என்பது மெய். ஆயினும் அவற்றின் இயல்பு வேறு. இருப்புப்பாதை நீரைக் கவர்ந்தது. அதே வேளையில், நீர் இழந்த மக்களைத் தன்பால் ஈர்த்து, உணவுக்கும் உடைக்கும் நிலையத்தில் காத்திருக்க வைத்தது. அணுகுண்டோ மக்களை விலக்கிற்று. நிலத்தையே அணுகலாகாப் பொருளாக்கிற்று. முன்னது சார்ந்து வாழச் செய்யும் துன்பம். பின்னது பிரிந்து வாழச் செய்யும் துன்பம். இவ்விரண்டையும் ஒரே பகுதியில் அடக்குமிடத்து, 1917-க்கும் 1956-க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள் சுருங்கி, பொதுவானதொரு கொடுமையாகத் தோன்றிவிடும். ஊல்டியாவின் துன்பம் பொதுத் துன்பம் அன்று. ஒரு களிமண் படுகையின் துன்பம், ஒரு காற்றுத் திசையின் துன்பம்.

வரலாறு அறியாதார்க்கு அரங்கில் தரப்படும் குறிப்பேடு இக்குறையை நிரப்பும். இதுவும் நமக்குப் புதிதன்று. சங்க அகப்பாட்டுகள் பலவற்றின் பொருளை நாம் கூற்றுக் குறிப்புகளின் துணையால் அறிகிறோம். ஆயினும் சிறந்த பாட்டில் குறிப்பு வாயிலாக நின்று விலகிக்கொள்ளும். பாட்டே உள்ளே அழைத்துச் செல்லும். ‘கபி’ என்னும் பகுதிக்குக் குறிப்பு அத்துணை இன்றியமையாததன்று. ‘பேரரசு’ என்னும் பகுதிக்கு இன்றியமையாதது. இவ்வேறுபாடே நாம் கூறவந்ததை வலியுறுத்துகின்றது. உறவை ஆடும்போது இவ்வாடல் தன்னுள் நிறைவு பெறுகின்றது. நிகழ்ச்சியை ஆடும்போது புறத்துணை வேண்டி நிற்கின்றது.

முடிவுரை

முதற்பொருள் அழிந்தபின் திணை வாழுமோ என்பதே இவ்வாடல் எழுப்பும் வினா. நம் இலக்கணப்படி வாழும். ஏனெனின் உரிப்பொருள் நிலைபெறும். ஊல்டியா மக்களின் கோட்பாட்டில் விடை அத்துணை எளிதன்று. ஊற்று ஒழிந்தமை ஒழிந்தமையே. அதனை ஆடல் மீட்டுத் தராது. ஆயினும் ஊற்றின்பால் தமக்குள்ள கடமை ஒழியவில்லை என்பதை ஆடல் காட்டுகின்றது. ஊல்டியாவின் ஆவி என நான்காம் பகுதி பெயர் பெற்றமை இதனால் போலும். பேரரசுக்குப் பின்னும் ஒரு பகுதி உண்டு. அதில் நிலம் தன் பெயரோடு நிற்கின்றது.

இதனால் தமிழாராய்வார் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. திணை என்பதை உணர்வுக்கு நிலைக்களமாகிய காட்சியென்றே கொண்டு, பொழுதும் பூவும் பறவையும் பட்டியலிட்டு நாம் பெரும்பாலும் அமைகின்றோம். அப்பட்டியலில் உள்ள மரமும் நீரும் நம்மோடு என்ன உறவு உடையன, அவை அழியின் நம் பாட்டில் எஞ்சுவது யாது என்னும் வினாக்களை நாம் எழுப்பியது குறைவு. உடன்பிறந்தாளாகிய புன்னையை வரைவு கடாதலுக்குக் கருவியாகக் கண்டது உரைமரபு, அது பிழையன்று. ஆயினும் புன்னை வெட்டுண்டால் அத்தலைவி யார்க்கு நாணுவள் என்பதையும் ஒருகால் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1938-இல் ஒரு நூல் இம்மக்களின் மறைவைக் கூறிற்று. எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அந்நிலத்து வழிவந்த பெண்மணி ஒருவர் அவ்வூற்றின் பெயராலேயே ஓர் ஆடலை அமைத்தார். ‘மரமற்றது’ எனப் பெயர் பெற்ற வெளியின் ஓரத்தினின்று ஒரு மரம் அரங்குக்கு வந்தது. பிழைத்தல் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.